கப்பல்காரர் பேச்சும் கரைக்காரர் பயமும்

வாசகர் கேள்வி – பதில்

(கடற்படையில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது பாளையங்கோட்டையில் வசிக்கும் முன்னாள் மாலுமி இந்த இதழில் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எனக்கு நேவியில் வேலை பார்க்கும் ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல குடும்பம், பையனும் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என் அத்தை, "கப்பல்காரன் துறைமுகத்துக்கு ஒரு குடும்பம் வைத்திருப்பான், குடிப்பான், வாயும் சுத்தமாக இருக்காது" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். இது எவ்வளவு உண்மை?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: அத்தையைக் கோபிக்காதீர்கள் அம்மா. உங்கள் மீதுள்ள அக்கறையில்தான் சொல்கிறார். நம் ஊரிலேயே, "கப்பல்காரன் பெண்டாட்டி தொப்பைக்காரி, கப்பல் உடைந்தால் பிச்சைக்காரி" என்று பழமொழி உண்டு. அதில் இருப்பது வருமானத்தைப் பற்றிய பயம். துறைமுகத்துக்கு ஒரு குடும்பம் என்ற கதை, லண்டன், லிவர்பூல், சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊர்களின் துறைமுகத் தெருக்களில் ஊறிய கதை. அங்கே அது ஏன் வந்தது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

பழைய பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிக்கு மாதச் சம்பளம் மாதாமாதம் கைக்கு வராது. ஓடிப்போய்விடக் கூடாது என்பதற்காகவே பிரிட்டிஷ் கடற்படை சம்பளத்தை மாதக்கணக்கில் பாக்கி வைக்கும். வணிகக் கப்பலில் பயணம் முடிந்த பிறகுதான் மொத்தமாகக் கையில் வைப்பார்கள். மாதக்கணக்கில் உப்பிட்ட மாட்டிறைச்சியும் புழு வைத்த பிஸ்கட்டும் தின்றவன், மொத்தச் சம்பளத்தோடு கரையில் இறங்குகிறான். அவனுக்காகவே துறைமுக வாசலில் தங்கும் விடுதிக்காரர்கள் காத்திருப்பார்கள். குடிக்க வைத்து, கடனாளியாக்கி, அடுத்த கப்பலுக்கு அவனைத் தள்ளிவிட்டு, அவனுடைய முன்பணத்தையும் தாங்களே வாங்கிக்கொள்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் இது ஒரு தொழிலாகவே நடந்தது. ஊர்க்காரர்கள் பார்த்தது, தெருவில் விழுந்து கிடந்த மாலுமியை மட்டும்தான்.

போர்க்கப்பலில் நிலைமை இன்னும் மோசம். 1797 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் கப்பற்படை மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சம்பளம் 1658க்குப் பிறகு உயரவே இல்லை. உணவுப் பொருள் அளந்து கொடுக்கும் பர்சர் என்ற அதிகாரி, பதினாறு அவுன்ஸ் உள்ள ஒரு பவுண்டைப் பதினான்கு அவுன்ஸாக நிறுத்துக் கொடுத்தார். கப்பல் துறைமுகத்தில் நின்றால்கூடக் கரைக்குப் போக விடமாட்டார்கள், தப்பிவிடுவான் என்ற பயம். அவர்கள் கேட்டவற்றில் கரைக்குப் போய் வீட்டாரைப் பார்க்கும் அனுமதியும் ஒன்று. குடிகாரன், கூத்தடிப்பவன் என்று பெயர் வாங்கிய அதே ஆட்கள், பெரும்பாலும் ஒழுங்கு குலையாமல் கோரிக்கையை எழுதிக் கொடுத்து, சம்பள உயர்வும் மன்னரின் மன்னிப்பும் பெற்றுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள்.

இன்றைய நேவி மாலுமிக்குச் சம்பளம் மாதம் பிறந்தால் வங்கியில் விழும். வெளிநாட்டுத் துறைமுகத்தில் கரைக்குப் போவதை நாங்கள் 'லிபர்ட்டி' என்போம். போகும் முன் கேங்வேயில் (கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் பாலத்தில்) வரிசையாக நிறுத்தி, முடி, உடுப்பு, அடையாள அட்டை எல்லாம் பார்ப்பார்கள். தனியே போகாமல் துணையோடுதான் போகச் சொல்வார்கள். திரும்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு நிமிடம் தாமதமானாலும் மறுநாள் அதிகாரி முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும்.

அதற்காக எல்லாம் கட்டுக்கதை என்று நான் சொல்ல மாட்டேன். 2012 அக்டோபரில் ஜப்பானின் ஒகினாவாவில் இரண்டு அமெரிக்க மாலுமிகள் ஒரு பெண்ணை வன்புணர்வு செய்து கைதானார்கள். அதன்பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படையினர் எல்லோருக்கும் இரவு ஊரடங்கு போட்டார்கள். இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த ஊர்க்காரர்களிடம் போய், நேவிக்காரர் தங்கமானவர் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

ஆகவே மாப்பிள்ளையை மாப்பிள்ளையாகவே விசாரியுங்கள். எந்தக் கிளையில் இருக்கிறார், கப்பலிலா கரைத்தளத்திலா, அடுத்த கடல் பணி எப்போது, குடியிருப்பு கிடைக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். கூட வேலை பார்க்கும் ஒருவரின் மனைவியோடு போனில் பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தம்மா பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் விஜயநாராயணத்தில் 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்' இருக்கிறது. கடலே தெரியாத இடத்தில் இருக்கும் கட்டடத்துக்குக் கப்பல் பெயர் எதற்கு? அங்கே வேலை பார்ப்பவர்கள் கேட்டை விட்டு வெளியே வருவதை 'அஷோர் போகிறோம்' என்கிறார்கள். கேட்கவே விசித்திரமாக இருக்கிறது.
– விவசாயி, நாங்குநேரி

பதில்: கடற்படைச் சட்டமும் ஒழுங்கும் கப்பலை வைத்தே எழுதப்பட்டவை. கரையில் இருக்கும் தளத்தையும் ஐ.என்.எஸ். (இந்தியக் கடற்படைக் கப்பல்) என்று கப்பலாகவே பதிவுசெய்து பெயர் சூட்டுவது பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து நமக்கு வந்த வழக்கம். லோனாவாலா மலையில் எஞ்சினியரிங் படிக்கும் இடம் ஐ.என்.எஸ். சிவாஜி. அரக்கோணம் விமானதளம் ஐ.என்.எஸ். ராஜாளி. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து. அங்கெல்லாம் தரை 'டெக்', சுவர் 'பல்க்ஹெட்', கழிப்பறை 'ஹெட்ஸ்'. பாய்மரக் காலத்தில் கப்பலின் தலைப்பக்கத்தில்தான் மாலுமிகளுக்குக் கழிப்பிடம் இருந்தது, அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடுதியிலிருந்து கடைத்தெருவுக்குப் போனாலும் 'அஷோர்', அதாவது கரைக்குப் போவதுதான்.

உங்கள் ஊர் தளம் சும்மா இல்லை. அங்கே நிற்கும் நெடிய கோபுரங்களிலிருந்து போகும் மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் கடல்நீருக்குள்ளும் சில மீட்டர் இறங்கும். அதனால் நீர்மூழ்கிக் கப்பல் மேலே வந்து தலையைக் காட்டாமலே செய்தி வாங்கிக்கொள்ளலாம். உங்கள் வயலிலிருந்து பார்த்தால் தெரியும் அந்தக் கம்பங்கள் கடலுக்கடியில் இருப்பவர்களோடு பேசுகின்றன. சிக்னல் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை.

கேள்வி: ஊரில் யார் லீவில் வந்தாலும் "மிலிட்டரி சரக்கு இருக்கா?" என்றுதான் முதல் கேள்வி. என் மகன் நேவியில் இருக்கிறான், குடிக்க மாட்டான். நம்ப ஒருவரும் தயாராக இல்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தேனி

பதில்: ஐயா, இந்தக் கேள்வி எனக்கும் பழக்கம். பிரிட்டிஷ் கப்பற்படை மாலுமிகளுக்குத் தினமும் ரம் அளந்து கொடுத்தது. 1740இல் வெர்னான் என்ற அட்மிரல், வெறுமனே கொடுத்தால் ஆட்கள் விழுந்துவிடுகிறார்கள் என்று தண்ணீர் கலந்து கொடுக்கச் சொன்னார். அந்தப் பங்கு 1970 ஜூலை 31 வரை நடந்தது. குடிகார மாலுமி என்ற படம் உலகம் முழுக்கப் பரவ இதுவும் ஒரு காரணம்.

நம் ஊரில் நடப்பது வேறு. கேன்டீனில் மாதத்துக்கு இத்தனை என்று அட்டைக்கு அளவு உண்டு. அதை வெளியாளுக்கு விற்பது குற்றம். பிடிபட்டால் வேலையே போகலாம். ஒரு பாட்டிலுக்காக உங்கள் மகனிடம் அதைக் கேட்பவர்கள் அவன் சோற்றில் கை வைக்கிறார்கள். கேட்பவர்களிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: ராணுவத்திலும் நேவியிலும் கெட்ட வார்த்தை இல்லாமல் வேலையே நடக்காது என்கிறார்கள். ஆண்மைக்கும் தைரியத்துக்கும் அது தேவையாம். நீங்களும் அப்படித்தானா?
– தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: கெட்ட வார்த்தை இருந்தது, இருக்கிறது. இல்லை என்றால் பொய். மூன்றடுக்குக் கட்டில், சாப்பிட்டுத் தூங்கும் ஒரே அறையான மெஸ் டெக்கில் பல மாநிலத்து ஆட்கள், தூக்கம் துண்டு துண்டாக, எஞ்சின் சத்தம் நிற்பதே இல்லை. கயிறு அறுந்து வரும்போது யாரும் இலக்கணமாகக் கத்த மாட்டார்கள். அந்த நேரத்தில் வாயில் வருவதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதும் இல்லை.

மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்துத் திட்டுவதை இதோடு சேர்க்காதீர்கள். அது என்ன செய்யும் என்பதற்கு நம் கடற்படையின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1946 பம்பாய். கொலாபாவில் 'தல்வார்' என்ற சிக்னல் பள்ளி. அதுவும் கரைக் கப்பல்தான். சோறு மோசம், சம்பளத்தில் வெள்ளையனுக்கு ஒரு கணக்கு, இந்தியனுக்கு ஒரு கணக்கு. அதன் மேல் தளபதி கமாண்டர் கிங், இந்திய மாலுமிகளைக் கூலிக்காரனுக்குப் பிறந்தவர்களே என்றும் அதைவிடக் கேவலமாகவும் திட்டினார். புகார் கொடுத்தார்கள். ஒழுங்காக, எழுத்தில் கொடுத்தார்கள். பலன் இல்லை. பிப்ரவரி 18 காலை, சாப்பாடு வேண்டாம், வேலையும் செய்ய மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். சில நாட்களில் கராச்சி, கல்கத்தா, மதராஸ் என்று பரவி 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று ஆனது.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஊர்மக்களை. அதுவரை அந்த வெள்ளை உடுப்பு வெள்ளைக்கார அரசின் உடுப்பு. கப்பல்களுக்கு உணவு போவதை அரசு தடுத்தபோது, பம்பாய்க்காரர்கள் பழமும் ரொட்டியும் பாலுமாகக் கூடைகளில் தூக்கிக்கொண்டு கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு வந்து படகுகளில் ஏற்றிவிட்டார்கள். மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். தெருக்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 200க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். பிப்ரவரி 23 அன்று மாலுமிகள் பணிந்தார்கள். விடுதலைக்குப் பிறகும் அவர்களை வேலையில் திரும்பச் சேர்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அவர்களில் பலர் நான் பார்த்த அதே சிக்னல் வேலையைப் பார்த்தவர்கள்.

திட்டினால்தான் வேலை நடக்கும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நான் பார்த்த நல்ல 'பஃபர்' ஒருவர் (மேல்தளத்து வேலைகளுக்கெல்லாம் தலைவர்) குரலை உயர்த்தியே கேட்டதில்லை. நங்கூரம் போடும்போது சங்கிலி ஓடும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, கையைக் காட்டுவார், முடிந்தது. நள்ளிரவில் காவலுக்கு எழுப்ப வருகிறவர் சிவப்பு டார்ச்சைத் தரையில் காட்டி, தோளில் இரண்டு விரல் வைத்து, "பையா, பன்னிரண்டு ஆகப்போகுது" என்று காதருகில் சொல்வார். சிவப்பு வெளிச்சம் என்றால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது, மேல் கட்டிலில் இருப்பவனும் விழிக்க மாட்டான். கப்பல் பேச்சு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குரல்தான்.

கேள்வி: என் கணவர் விசாகப்பட்டினத்தில் கப்பலில் இருக்கிறார். லீவில் வந்தால் குழாயை உடனே மூடச் சொல்வார், ராத்திரி 'ரவுண்ட்ஸ்' என்று சமையலறை வரை சுற்றிப் பார்ப்பார், பிள்ளைகளிடம் 'செக்யூர்', 'ஸ்டேண்ட் ஈசி' என்றெல்லாம் அதட்டுவார். பெரியவன் பள்ளியில் அப்படியே பேசி டீச்சரிடம் திட்டு வாங்கினான்.
– குடும்பத் தலைவி, ராஜபாளையம்

பதில்: குழாயை மூடுவது கப்பலில் வந்த பழக்கம் அம்மா. அங்கே நல்ல தண்ணீரைக் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், குளிக்கும் நேரத்துக்குக்கூட அளவு உண்டு. மாலை ரவுண்ட்ஸும் அப்படித்தான். ஏதாவது கட்டாமல் விட்டிருந்தால் கப்பல் ஆடும்போது அது பறந்து ஒருவன் மண்டையை உடைக்கும். இரண்டையும் விட்டுவிடுங்கள், வீட்டுக்கு நல்லதே.

வார்த்தைகளில் கெடுதல் இல்லை. 'ஸ்டேண்ட் ஈசி' என்றால் முற்பகல் டீ நேரம். 'செக்யூர்' என்றால் வேலையை முடித்துக் கட்டிவை. 'மேக் அண்ட் மெண்ட்' அரைநாள் ஓய்வு, ஒரு காலத்தில் கிழிந்த உடுப்பைத் தைத்துக்கொள்ளக் கொடுத்த பொழுது. 'கில்லிக்' என்றால் சட்டைக் கையில் ஒற்றை நங்கூரச் சின்னம் உள்ள லீடிங் சீமேன் என்ற பதவிக்காரர். பெரியவனுக்கு இதெல்லாம் பெருமையாகத்தான் இருக்கும். அப்பா ஊரில் இல்லாத மாதங்களில் அவனிடம் இருப்பது இந்தச் சொற்கள்தானே. டீச்சரிடம் நீங்களே போய் விளக்கிச் சொல்லுங்கள்.

அதட்டல் மட்டும் வேண்டாம். கணவர் வந்து மூன்று நாள் தூங்கி எழட்டும், அப்புறம் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பேசுங்கள். அவர் கப்பலில் ஒரு கில்லிக்கிடம் பேசும் குரலில் ஆறு வயதுப் பிள்ளையிடம் பேசுகிறார் என்று நேராகச் சொன்னால் புரியும். புரியாவிட்டால் என் பெயரைச் சொல்லி இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: எங்களுக்கு நேவி என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. இலங்கை நேவி பிடிக்கும், அடிக்கும் என்ற பயம் ஒரு பக்கம். நம் நேவியே சுட்டதும் நடந்திருக்கிறது. சீருடை போட்டவர்கள் எங்களிடம் மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.
– விசைப்படகு மீனவர், நாகப்பட்டினம்

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் சொல்வது 2022 அக்டோபர் 21 அதிகாலை பாக் நீரிணைப் பகுதியில் நடந்தது. ரோந்தில் இருந்த நம் கடற்படைக் கப்பல் ஒரு மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டது, மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவர் காயப்பட்டார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை, நடைமுறைப்படி எச்சரிக்கைக்காகச் சுட்டோம் என்று கடற்படை சொன்னது. ஹெலிகாப்டரில் உச்சிப்புளிக்குக் கொண்டுவந்து ராமநாதபுரம் மருத்துவமனையில் சேர்த்தார்கள், விசாரணைக்கும் உத்தரவிட்டார்கள்.

'பலமுறை எச்சரித்தோம்' என்ற சொல்லை நான் கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் நின்று பார்த்தவன். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவு. ஒலிபெருக்கியில் கூப்பிட்டாயிற்று, எல்லாக் கப்பலும் கேட்கும் வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனலில் கூப்பிட்டாயிற்று, விளக்கடித்தாயிற்று. உங்கள் படகிலிருந்து பார்த்தால்? டீசல் எஞ்சின் சத்தம், வலை இழுக்கும் சத்தம், காற்று எதிர்ப்பக்கம், முகத்தில் அடிக்கும் சர்ச்லைட்டில் கூப்பிடுவது யார் கப்பல் என்றே தெரியாது. இலங்கைக்காரனோ என்ற பயத்தில் எஞ்சினை முடுக்கத்தான் தோன்றும். அதற்கு மேல் கூப்பிடும் குரல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், நிறுத்தச் சொன்னானா, ஓடச் சொன்னானா என்று எப்படித் தெரியும்?

பாக் நீரிணையில் ரோந்து போகும் ஒவ்வொரு கப்பலிலும், ஒவ்வொரு காவல் முறையிலும், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் தமிழ் தெரிந்த மாலுமி ஒருவர் நிற்க வேண்டும். தமிழ்ப் பையன்கள் கடற்படையில் நிறையவே இருக்கிறார்கள். "அண்ணே, இது இந்தியன் நேவி. பயப்படாதீங்க. எஞ்சினை நியூட்ரல்ல போடுங்க" என்று நம் கடற்கரைத் தமிழில் கேட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். இதை நான் பேசக் கிடைத்த இடத்திலெல்லாம் பேசுகிறேன், எழுதுகிறேன். செய்ய முடியாத காரியம் இல்லை.

உங்கள் பக்கம் செய்யக்கூடியதையும் சொல்கிறேன். சர்வதேச சிக்னலில் 'எல்' என்ற எழுத்துக்கு, 'உடனே கப்பலை நிறுத்து' என்று பொருள். இரவில் விளக்கில் அது ஒரு சின்ன மின்னல், ஒரு நீளம், இரண்டு சின்னது என்று வரும். பகலில் மஞ்சளும் கறுப்புமாக நாலு கட்டம் போட்ட கொடி. படகில் இருக்கும் எல்லோருக்கும், வலை இழுக்கும் பையன் வரை, இதைக் கற்றுக்கொடுங்கள். வி.எச்.எஃப். இருந்தால் 16இல் திறந்தே வையுங்கள். விளக்கு மேலே விழுந்தால் எஞ்சினை நியூட்ரலில் போட்டு, ஆட்கள் வெளிச்சத்தில் தெரியும்படி நில்லுங்கள், படகின் பதிவு எண் மேல் டார்ச் அடியுங்கள்.

மரியாதைப் பேச்சு பற்றிச் சொன்னீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்படைக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் தமிழகக் கரைக்கும் வந்தன. 2015 சென்னை வெள்ளத்தில் நேவியின் ரப்பர் படகுகள் தெருவுக்குள் வந்து ஆட்களைத் தூக்கின. அதைப் பார்த்தவர்கள் நேவிக்காரனைக் கும்பிடுகிறார்கள். அங்கே போனவர்களும் ரோந்துக்குப் போகிறவர்களும் ஒரே பயிற்சி பெற்ற ஆட்கள்தான். வெள்ளத்தில் மாட்டியவரிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவருக்கு வலை இழுப்பவரிடமும் பேசத் தெரிய வேண்டும். உங்கள் கோபம் நியாயமானது.

கேள்வி: கப்பலில் 'டாக் வாட்ச்' என்று ஒன்று உண்டாமே?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், கரூர்

பதில்: உண்டு தம்பி. காவல் வேலை நாலு நாலு மணி நேரமாகப் பிரியும். அப்படியே போனால் ஒரு நாளைக்கு ஆறு முறை, இரண்டு குழுவோ மூன்று குழுவோ இருந்தால் தினமும் ஒருவனுக்கே நள்ளிரவு வாட்ச் மாட்டும். அதனால் மாலை 4 முதல் 8 வரை உள்ளதை இரண்டாக வெட்டி 4–6, 6–8 என்று வைத்தார்கள். அந்த இரண்டும்தான் டாக் வாட்ச். மொத்தம் ஏழு ஆகிவிடுவதால் முறை தினமும் நகரும். தாளில் போட்டுப் பார், கணக்கு புரியும்.

கேள்வி: அக்னிவீர் தேர்வில் நேவிக்குத் தேர்வாகி ஒடிசாவின் சில்கா கடற்படைப் பயிற்சித் தளத்துக்குப் போகப் போகிறேன். அங்கே ஆண்கள் பேசுவதைக் கேட்டுக் கூசிப்போவேன் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நானும் அப்படிப் பேசப் பழக வேண்டுமா?
– புதிதாகச் சேரும் பெண், மதுரை

பதில்: முதலில் வாழ்த்து, மகளே. எங்கள் காலத்தில் மாலுமிகளில் பெண்களே இல்லை. முதல் அக்னிவீர் அணி 2023 மார்ச்சில் சில்காவில் பயிற்சி முடித்தபோது அதில் 270க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். நீ போகும்போது அக்காமார் பாதை போட்டு வைத்திருப்பார்கள்.

அப்படிப் பேசப் பழக வேண்டியதில்லை. பழக வேண்டியது இந்தி, அதோடு ஆணையைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்லும் பழக்கம். 'எழுத்து ஏ' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'ஆல்ஃபா' என்பார்கள். ஆல்ஃபாவிலிருந்து ஜூலு வரை இப்போதே மனப்பாடம் செய். ஒருநாள் உன் வேலையைப் பார்த்து மேலதிகாரி 'பிராவோ ஜூலு' என்றால், நன்றாகச் செய்தாய் என்று பொருள். எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

யாராவது உன்னை நோக்கித் தவறாகப் பேசினால், பொதுவாகப் பேசும் கரடுமுரடான பேச்சோடு அதைக் குழப்பிக்கொள்ளாதே. ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு டிவிஷனல் ஆஃபீசர் உண்டு. உன் நலனைப் பார்ப்பது அவர் கடமை, தயவு இல்லை. நாள், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதிவைத்து அவரிடம் போ. அவரிடம் நடக்கவில்லை என்றால் அதற்கு மேல் முறையிடவும் வழி இருக்கிறது, அதைப் பயிற்சியிலேயே சொல்லித்தருவார்கள். அந்த வகுப்பில் தூங்கிவிடாதே.

சில்காவில் வெயிலும் ஏரிக் காற்றின் ஈரமும் சேர்ந்து முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். இப்போதிருந்தே காலையில் ஓடு, நீச்சல் தெரியாவிட்டால் போகும் முன் கொஞ்சமாவது கற்றுக்கொள். வீட்டுக்குக் கடிதம் எழுத ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துப் போ. போன் எல்லா நேரமும் கையில் இருக்காது.